'இப்போது குளிரவில்லை' என்று அவர் சொன்ன நிமிடம்

கேள்வி: போன மாதம் நான், என் தம்பி, நண்பர்கள் மூவர் என ஐந்து பேராக ஒரு மலையேற்றத்துக்குப் போனோம். பனி எதுவும் இல்லை. 7 டிகிரி இருந்தது. மதியத்துக்கு மேல் மழையும் காற்றும் பிடித்துக்கொண்டன. தம்பிக்கு வயது 31, ஒல்லியான உடம்பு, தினமும் ஓடுகிறவன். முதலில் வெடவெடவென்று நடுங்கினான். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது. "இப்போது குளிரவில்லை" என்றான். நாங்களும் நிம்மதியாக நடந்தோம். அரை மணி நேரத்தில் ஜன்னி கண்டவன் போல் உளறினான். "உடம்பெல்லாம் எரிகிறது" என்று மேல்கோட்டைக் கழற்றி எறிந்தான். தாங்கிப் பிடித்து நடத்திக்கொண்டே தங்குமிடத்துக்குப் போனோம். கைகால்களைத் தேய்த்தோம், கொஞ்சம் பிராந்தி கொடுத்தோம், நெருப்பருகே உட்காரவைத்தோம். உட்கார்ந்தவன் அப்படியே சாய்ந்துவிட்டான். மீட்புக் குழுவினர் வந்து மருத்துவமனையில் சேர்த்தார்கள். உடம்பின் உள்வெப்பம் 29.6 டிகிரி என்றார்கள். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டான். விரல்நுனிகள் மட்டும் இன்னும் மரத்தாற்போல் இருக்கின்றன. "நீங்கள் செய்தது எல்லாமே தப்பு" என்று அங்கிருந்த மருத்துவர் சொன்னதிலிருந்து எனக்குச் சரியான தூக்கமில்லை. அவன் ஏன் அப்படி நடந்துகொண்டான்? நாங்கள் எதைச் செய்திருக்க வேண்டும்? அவனுக்கு ஏதும் பாதிப்பு மிச்சமிருக்குமா? மறுபடி மலைக்குப் போகிறேன் என்கிறானே, விடலாமா? அவனோடு இருக்கும் எங்கள் அம்மாவுக்கு 74 வயது. அவர் கை எப்போதும் சில்லென்று இருக்கிறது. அதுவும் இப்போது பயமாக இருக்கிறது.

பதில்: உங்களைத் தூங்கவிடாத கேள்விக்கு முதலில் வருகிறேன். உங்கள் தம்பியின் இதயம் நிற்கவில்லை. விரல்கள் கறுக்கவில்லை, கொப்புளம் எழவில்லை. மூன்றாம் நாள் தன் காலால் நடந்து வீட்டுக்கு வந்திருக்கிறார். இந்த அளவோடு மீண்டு வருகிறவர்களுக்கு மூளையிலோ இதயத்திலோ நிரந்தரமாக எதுவும் தங்கிவிடுவது அரிது. விரல்நுனி மரத்திருப்பது, ஈரக்குளிரில் வெகுநேரம் கிடந்த நரம்புகளின் களைப்பு. அது தெளிய வாரங்கள் ஆகலாம், சிலருக்கு மாதங்கள்கூட ஆகும். அந்த விரல்கள் கொஞ்ச காலத்துக்குக் குளிரை முன்பைவிட மோசமாக உணரும். சூட்டை உணராத விரல் சுட்டுக்கொள்ளும் என்பதால், கொதிநீர், அடுப்பு பக்கம் மட்டும் அவரைக் கவனமாக இருக்கச் சொல்லுங்கள்.

அந்த மருத்துவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. ஆனால் 'எல்லாமே தப்பு' என்பது உண்மையில்லை. நீங்கள் அவரைத் தனியே விடவில்லை. மழையிலிருந்து கூரைக்குக் கீழே கொண்டுவந்தீர்கள், மீட்புக் குழுவை அழைத்தீர்கள். அவர் பிழைத்தது இந்த மூன்றால்தான்.

உங்கள் கடிதத்தில் நான் கோடிட்ட இடம் தேய்த்ததும் இல்லை, பிராந்தியும் இல்லை. "இப்போது குளிரவில்லை என்றான், நாங்களும் நிம்மதியாக நடந்தோம்" என்ற வரிதான். அன்று நடந்ததில் பெரிய ஆபத்து அந்த நிம்மதிதான். அதை மட்டும் நீங்களும் உங்கள் நண்பர்களும் புரிந்துகொண்டால் போதும் என்பேன்.

உடம்புக்குள் என்ன நடந்தது என்று பார்ப்போம். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு பெரியவரின் உடம்பு ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை உண்டாக்கிக்கொண்டிருக்கிறது, பழைய குண்டு பல்பு ஒன்று எரிவதைப் போல. இந்த வெப்பத்தைக் கூட்டியும் குறைத்தும் உள்ளுறுப்புகளை 37 டிகிரியை ஒட்டி வைத்துக்கொள்வது மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதலாமஸின் பொறுப்பு. தோலில் குளிர் பட்டதும் அது முதலில் செய்வது, கைகால்களுக்கும் தோலுக்கும் போகும் ரத்தக்குழாய்களை இறுக்குவது. சூடான ரத்தம் ஓரங்களுக்குப் போய் ஆறிவிடாமல் இதயம், நுரையீரல், மூளை இருக்கும் நடுப்பகுதியிலேயே சுற்றும். விரல்கள் வெளுத்து மரத்துப்போவது இதனால்தான். ஓரத்தை விட்டுக்கொடுத்து நடுவைக் காப்பாற்றுகிறது உடம்பு.

இதற்கு ஒரு விலை உண்டு. ஓரங்களிலிருந்து ரத்தம் உள்ளே திரண்டதும், உடம்பில் நீர் மிகுந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு சிறுநீரகம் அதை வெளியேற்றத் தொடங்கும். குளிரில் அடிக்கடி சிறுநீர் வருவதை எல்லோரும் பார்த்திருப்போம். குளிரில் தாகமும் எடுக்காது. ஆக மழையில் முழுக்க நனைந்திருக்கும்போதே உங்கள் தம்பியின் உடம்பு உள்ளே வறண்டுகொண்டிருந்தது. இதை நினைவில் வையுங்கள். நெருப்பருகே அவர் சாய்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

ரத்தக்குழாய்களை இறுக்கியும் போதவில்லை என்றால் நடுக்கம் வரும். தசைகள் தாமாகவே துடித்து வெப்பம் உண்டாக்குகின்றன. பலமான நடுக்கம், ஓய்வில் இருக்கும்போது உண்டாகும் வெப்பத்தைப் போல நான்கைந்து மடங்கு தரும். பார்க்க அச்சமாக இருந்தாலும் அது உடம்பு இன்னும் போராடுகிறது என்பதற்கு அடையாளம். ஆனால் அதற்கு எரிபொருள் வேண்டும். தசையிலும் ஈரலிலும் சேர்த்துவைத்த சர்க்கரையைத்தான் அது முக்கியமாக எரிக்கிறது. நாள் முழுக்க மலையேறியவருக்கு அந்தச் சேமிப்பு ஏற்கெனவே பாதி தீர்ந்திருக்கும். உங்கள் தம்பி ஒல்லியானவர் என்று எழுதியிருக்கிறீர்கள். தோலுக்கடியில் கொழுப்பு குறைவாக இருப்பவரின் வெப்பம் சீக்கிரம் வெளியேறும். ஓட்டக்காரரின் நல்ல உடல்தகுதி இங்கே அவருக்குக் காவலாக நிற்கவில்லை.

'பனியே இல்லையே, 7 டிகிரிதானே' என்ற வியப்பு உங்கள் கடிதம் முழுக்கத் தெரிகிறது. உறையும் குளிர் இருந்தால்தான் உடம்பு விறைக்கும் என்று நினைப்பது தவறு. தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். உலர்ந்த பனித்துகளைத் தட்டிவிட்டு நடந்துவிடலாம். மழை துணிக்குள் ஊறித் தோலோடு ஒட்டிக்கொள்ளும், அதன்மேல் காற்று அடிக்கும். துணிக்கு வெப்பத்தைத் தரும் சக்தி கிடையாது. இழைகளுக்கு நடுவே சிக்கியிருக்கும் காற்றுதான் நம் வெப்பத்தைப் பிடித்துவைக்கிறது. அந்தக் காற்று இருந்த இடத்தில் தண்ணீர் புகுந்துவிட்டால், உடுத்தியிருந்தும் உடுத்தாத நிலைதான். கனத்த பனிக்காலத்துக்குத் தயாராகப் போகிறவர்கள், 7 டிகிரி மழைக்குத் தயாராகப் போவதில்லை.

உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் அதை ஹைப்போதெர்மியா என்கிறோம். 35 முதல் 32 வரை லேசானது: நடுக்கம் இருக்கும், சுயநினைவு இருக்கும். 32 முதல் 28 வரை நடுத்தரம்: நடுக்கம் மெல்ல அடங்கும், மனம் மங்கும். 28-க்குக் கீழே கடுமையானது. உங்கள் தம்பி நடுத்தர நிலையின் அடிப்பகுதிக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறார்.

இப்போது அந்த வரிக்கு வருகிறேன். உள்வெப்பம் 32-ஐ நெருங்கி அதற்கும் கீழே போகும்போது நடுக்கம் குறைந்து நின்றுபோகும். சர்க்கரைச் சேமிப்பு கரைந்திருக்கும். நடுக்கத்தை நடத்தும் மூளையும் தசையும் குளிர்ந்திருக்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு 'அப்பாடா, அடங்கிவிட்டது' என்று தோன்றும். உள்ளே, வெப்பம் உண்டாக்கும் கடைசி வழியும் மூடப்பட்டிருக்கும். அதன் பிறகு அவர் குளிர்வது முன்பைவிட வேகமாகும். வெளியிலிருந்து சூடு தராதபோதே நடுக்கம் நின்றால் அதற்கு நல்ல அர்த்தம் கிடையாது. உலர்ந்த துணியும் சூடும் சர்க்கரையும் கொடுத்து, பேச்சு தெளிந்து, நடை நிமிர்ந்து, அதோடு நடுக்கமும் நின்றால் மட்டுமே அது குணம்.

"குளிரவில்லை" என்று அவர் சொன்னது பொய்யில்லை. உள்வெப்பம் ஒரு டிகிரி குறைய, மூளை ஆக்ஸிஜனைப் பயன்படுத்துவது ஏறக்குறைய 6 சதவீதம் குறைகிறது. முதலில் மங்குவது நிதானமும் முடிவெடுக்கும் திறனும். 'எனக்கு ஏதோ சரியில்லை' என்று சொல்ல வேண்டிய மூளையே சரியில்லாமல் போகிறது. அதனால்தான் என்னிடம் பயிற்சிக்கு வருகிறவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்வேன்: குளிரில் கிடந்தவரிடம் "குளிர்கிறதா?" என்று கேட்டு, அந்தப் பதிலை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். அவரைப் பாருங்கள். பேச்சு குழறுகிறதா? சமதரையில் கால் இடறுகிறதா? கையுறையைப் போட, பையின் ஜிப்பை இழுக்கத் தடுமாறுகிறாரா? எப்போதும் சிரித்துப் பேசுகிறவர் காரணமில்லாமல் எரிந்து விழுகிறாரா, அல்லது ஒரு வார்த்தையும் பேசாமல் பின்தங்கிவிட்டாரா? கட்டைவிரலைச் சுண்டுவிரலோடு சேர்க்கச் சொல்லுங்கள், முடியவில்லை என்றால் அந்த இடத்திலேயே நின்றுவிடுங்கள். அன்று உங்கள் தம்பியின் முகத்திலோ நடையிலோ இவற்றில் ஒன்றாவது இருந்திருக்கும். நண்பர்களோடு உட்கார்ந்து நினைவுபடுத்திப் பாருங்கள். அடுத்த முறை கண்ணில் படவேண்டும் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன், உங்கள்மேல் பழிபோட இல்லை.

மேல்கோட்டைக் கழற்றியது பித்தம் தலைக்கேறியதால் இல்லை. மலையிலும் பனியிலும் இறந்தவர்கள் சிலர் அரைகுறை ஆடையோடு, சில சமயம் ஆடையே இல்லாமல் கிடப்பதை மீட்புப் பணியாளர்கள் பார்த்திருக்கிறார்கள். யாரோ தாக்கியிருக்கிறார்கள் என்ற சந்தேகத்தில் விசாரணை போன இடங்களும் உண்டு. இதற்கு மருத்துவர்கள் சொல்லும் விளக்கம் இது: மணிக்கணக்கில் இறுகப் பிடித்திருந்த தோலின் ரத்தக்குழாய்கள் ஒரு கட்டத்தில் களைத்துத் தளர்ந்துவிடுகின்றன. உள்ளே அடைத்துவைத்த சூடான ரத்தம் திடீரென்று தோலுக்குப் பாய்கிறது. குளிர்ந்து கிடந்த தோலுக்கு அது நெருப்பாகத் தெரிகிறது. 'இது உண்மையான சூடு இல்லை' என்று தடுக்க வேண்டிய மூளை மயங்கிக் கிடக்கிறது. அதனால் கை தானாகச் சட்டையைக் கழற்றுகிறது. சிலர் இதற்கு அடுத்த கட்டத்தில் கட்டிலுக்கு அடியிலோ புதருக்குள்ளோ நுழைந்து ஒடுங்கிக்கொள்வார்கள். எங்கோ தொலைவில் தேடுகிறவர்கள் பக்கத்தில் கிடப்பவரைத் தவறவிட இதுவும் காரணமாகிவிடுகிறது. உங்கள் தம்பி கோட்டைக் கழற்றியபோது நீங்கள் நான்கு பேரும் அருகில் இருந்தீர்கள். அது பெரிய விஷயம்.

இனி நீங்கள் செய்த முதலுதவி. கைகால்களைத் தேய்த்ததற்காக வெட்கப்பட வேண்டாம். 1812-ல் ரஷ்யாவிலிருந்து பின்வாங்கிய நெப்போலியன் படையோடு இருந்த தலைமை அறுவை மருத்துவர் லாரே, விறைத்த கைகால்களை நெருப்பில் காட்டியவர்களுக்கு அவை அழுகிப்போவதைக் கண்டார். நெருப்பைத் தவிர்க்கச் சொன்னது சரியான கவனிப்பு. ஆனால் அதற்கு மாற்றாகப் பனிக்கட்டியால் தேய்க்கச் சொன்னார், அந்தத் தவறான அறிவுரை நூறு ஆண்டுகளுக்கு மேல் மருத்துவ உலகில் நிலைத்துவிட்டது. அத்தனை சிப்பாய்களைக் கண்ணால் பார்த்த ஒரு பெரிய மருத்துவரே தவறிய இடம் அது. தேய்த்தால் இரண்டு கெடுதல். உறைந்த திசுவுக்குள் பனிப்படிகங்கள் இருந்தால் அவை உள்ளே கீறிக் கிழிக்கும். அதைவிட, கைகால்களில் தேங்கிக் குளிர்ந்த ரத்தத்தை நீங்களே இதயத்தை நோக்கித் தள்ளிவிடுகிறீர்கள். கூரைக்கு வந்த பிறகும் உள்வெப்பம் சிறிது நேரம் இறங்கிக்கொண்டே போகும். கைகால்களைத் தேய்ப்பதும், நடக்கவைப்பதும், கைகால்களுக்கு மட்டும் சூடு காட்டுவதும் அந்த இறக்கத்தை அதிகமாக்கும்.

பிராந்தி நெஞ்சில் இறங்கும்போது கதகதப்பாக இருப்பது உண்மை. மது தோலின் ரத்தக்குழாய்களை விரிக்கிறது, வெப்பம் தோலுக்கு வருகிறது, சூடாக உணர்கிறோம். அந்தச் சூடு உள்ளிருந்து எடுத்து வெளியே கொட்டிய சூடு. மது நடுக்கத்தையும் மட்டுப்படுத்தும், ரத்தச் சர்க்கரையையும் இறக்கும், ஏற்கெனவே மங்கிய புத்தியை இன்னும் மங்கவைக்கும். மயக்கத்தில் இருப்பவரின் வாயில் எதை ஊற்றினாலும் நுரையீரலுக்குப் போய்விடும் ஆபத்தும் உண்டு. இந்த ஒன்றில் எனக்குச் சமரசமே இல்லை: குளிருக்கு மது மருந்து கிடையாது.

நெருப்பருகே அவர் ஏன் சாய்ந்தார்? உடம்பில் நீர் வற்றியிருந்தது. நெருப்பின் சூடு பட்டதும் தோலின் ரத்தக்குழாய்கள் விரிந்தன, பிராந்தி அதற்குத் துணைபோனது. நிமிர்ந்து உட்கார்ந்திருந்ததால் ரத்தம் கீழே இறங்கியது. ரத்த அழுத்தம் சரிந்தது, மூளைக்குப் போதுமான ரத்தம் போகவில்லை. விறைத்தவரை வெந்நீரில் குளிக்க அனுப்பினாலும் இதேதான் நடக்கும். மரத்த தோல் நெருப்பில் வெந்தாலும் அவருக்குத் தெரியாது என்பது தனி ஆபத்து.

நீங்கள் கேட்ட 'என்ன செய்திருக்க வேண்டும்' என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், இது உங்கள் கையில் இருக்கவேண்டிய விஷயம். அவர் முதலில் நடுங்கிய இடத்திலேயே எல்லோரும் நின்றிருக்க வேண்டும். காற்றுக்கு மறைவான ஓர் இடம், ஒரு பாறைக்குப் பின்புறமாவது போதும். நடுங்கிக்கொண்டு, தெளிவாகப் பேசிக்கொண்டிருப்பவருக்கு ஈரத்துணியை மாற்றி உலர்ந்ததை உடுத்தி, தலையையும் கழுத்தையும் மூடி, இனிப்பான பானத்தையோ இனிப்பு எதையாவதோ கொடுத்தால் அவரது நடுக்கமே அவரைச் சூடாக்கிவிடும். பானம் சூடாக இருந்தால் இதமாக இருக்கும், ஆனால் வேலை செய்வது அதிலுள்ள சர்க்கரை. அரை மணி நேரமாவது இப்படி உட்காரவைத்துத் தேறிய பிறகே எழுப்பி நடத்த வேண்டும்.

உளறத் தொடங்கிய பிறகு சிகிச்சை வேறு. அப்போது அவரை நடக்கவிடக் கூடாது. படுக்கவைக்க வேண்டும். வெறும் தரையில் படுக்கவைத்தால் தரை வெப்பத்தை உறிஞ்சிவிடும், மேலே போர்த்துவதைவிடக் கீழே விரிப்பது முக்கியம். முதுகுப்பைகள், கயிறு, விரிப்பு எது இருந்தாலும் அடியில் போடுங்கள். மறைவிடம் கிடைத்தால் ஈரத்துணியை இழுத்துக் கழற்றாமல் கத்தரித்து எடுத்துவிட்டு, உலர்ந்த துணிகளைச் சுற்றுங்கள். மறைவிடம் இல்லையென்றால் ஈரத்துணியோடே ஒரு பிளாஸ்டிக் தாளில் சுற்றி, அதன்மேல் போர்வைகளைச் சுற்றுங்கள். ஈரம் ஆவியாகி வெப்பத்தைக் கொண்டுபோவது அதனால் நிற்கும். வெந்நீர் நிரப்பிய பாட்டில்களைத் துணியில் சுற்றி மார்பின் மீதும் அக்குள்களிலும் வையுங்கள். கைகால்களில் வேண்டாம். நினைவு தெளிவில்லாதவருக்கு வாய்வழியாக எதுவும் தர வேண்டாம். உடனே மீட்புக் குழுவை அழைத்துவிட்டு, அவர்கள் வரும்வரை அவரை அசைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அசைக்காமல் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இதயம். குளிர்ந்த இதயம் மெதுவாகத் துடிக்கும், அதன் மின்தாளம் குலையும். 32-க்குக் கீழே தாளம் பிசகத் தொடங்கும். 28-க்குக் கீழே போனால் முரட்டுத்தனமாகத் தூக்குவது, உலுக்குவது, தடாலென்று கிடத்துவது போன்ற ஒரு அதிர்ச்சியே இதயத்தைப் பயனில்லாத வெற்றுத் துடிதுடிப்பில் தள்ளி நிறுத்திவிடலாம். இப்படிப்பட்டவரின் ஈ.சி.ஜி.-யில் பெரும்பாலும் ஒவ்வொரு துடிப்புக்கும் பின்னால் ஒரு சின்ன மேடு தெரியும். 1953-ல் அதை விவரித்த மருத்துவர் ஆஸ்போர்ன் பெயராலேயே அதை ஆஸ்போர்ன் அலை என்கிறோம். உங்கள் தம்பியின் மருத்துவக் கோப்பில் ஈ.சி.ஜி. தாள் இருந்தால் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள், காட்டுவார்.

ஒருவேளை மூச்சும் நாடியும் தென்படாமல் ஒருவர் கிடந்தால்? குளிர்ந்தவரின் மூச்சும் துடிப்பும் மிக மெல்லியவை, ஒரு நிமிடம் முழுக்கப் பொறுமையாகப் பாருங்கள். இல்லவே இல்லை என்றால் சி.பி.ஆர். (நெஞ்சை அழுத்தியும் மூச்சு ஊதியும் செய்யும் முதலுதவி) தொடங்கி, மருத்துவ உதவி வரும்வரை விடாதீர்கள். குளிர்ந்து கிடப்பவரைச் சூடேற்றிப் பார்க்காமல் இறந்துவிட்டார் என்று முடிவு கட்டக் கூடாது என்பது எங்கள் துறையின் அடிப்படை விதி. 1999 மே மாதம் நார்வேயில் பனிச்சறுக்கு விளையாடிய ஸ்வீடன் நாட்டு மருத்துவர் அன்னா போகன்ஹோம், உறைந்த ஓடைக்குள் தலைகீழாக விழுந்து பனிக்கட்டியின் கீழ் 80 நிமிடம் சிக்கிக்கொண்டார். முதல் 40 நிமிடம் பனிக்கட்டிக்கு அடியில் சிக்கியிருந்த கொஞ்சம் காற்றில் மூச்சுவிட்டார், பிறகு இதயம் நின்றது. டிரோம்சோ பல்கலைக்கழக மருத்துவமனைக்கு வந்தபோது அவரது உள்வெப்பம் 13.7 டிகிரி. ரத்தத்தை வெளியே எடுத்துச் சூடாக்கி மீண்டும் உள்ளே செலுத்தும் இயந்திரத்தால் மெல்ல மெல்லச் சூடேற்றினார்கள். இதயம் மறுபடி துடித்தது. கைகளின் நரம்புகளில் சில தொல்லைகள் தங்கினாலும், பிற்பாடு அதே மருத்துவமனையில் கதிரியக்க மருத்துவராக வேலை பார்த்தார். மூச்சு நிற்பதற்கு முன்பே மூளை ஆழமாகக் குளிர்ந்துவிட்டால், அதற்கு ஆக்ஸிஜன் தேவை மிகக் குறைந்துவிடுகிறது. குளிரே அங்கே காவலாகிறது. பெருந்தமனி அறுவை சிகிச்சை சிலவற்றில் நாங்களே நோயாளியை 20 டிகிரி அளவுக்குக் குளிரவைத்து ரத்த ஓட்டத்தைச் சிறிது நேரம் நிறுத்துவது இதே காரணத்துக்காகத்தான். எல்லோருக்கும் இப்படி வாய்க்காது. ஆனாலும் மலையில் ஒருவர் அசைவற்றுக் கிடந்தால் 'போய்விட்டார்' என்று நீங்கள் கையை விட்டுவிடாமல் இருக்க இந்த ஒரு நிகழ்ச்சி போதும்.

நீங்கள் கேட்காத ஒன்று, மலைப்பாதையில் ஓடைகள் குறுக்கிடும் என்பதால் சொல்கிறேன். குளிர்ந்த நீரில் விழுபவரை முதலில் தாக்குவது ஹைப்போதெர்மியா அல்ல. விழுந்ததும் தன்னையறியாமல் மூச்சு இழுத்து இரைக்கும், அப்போது வாய் தண்ணீருக்குள் இருந்தால் மூழ்கிவிடுவார். அந்த முதல் ஒரு நிமிடம் நீந்த முயலாமல் மிதந்துகொண்டு மூச்சைச் சீராக்கிக்கொள்ள வேண்டும். பிறகு கைகால்கள் சொன்னதைக் கேட்பது சுமார் பத்து நிமிடம்தான், அதற்குள் கரையேற வேண்டும். உறைநிலையை ஒட்டிய நீரில்கூட உடம்பு குளிர்ந்து நினைவு தப்ப ஒரு மணி நேரம் போல ஆகும். ஆகவே பதற வேண்டியதில்லை, ஆனால் தாமதிக்கவும் கூடாது.

அம்மாவைப் பற்றி. கை சில்லென்று இருப்பது மட்டும் ஹைப்போதெர்மியா ஆகாது. ரத்தக்குழாய்கள் தம் வேலையைச் செய்கின்றன என்பதுதான் அதற்குப் பொருள். கையைப் பார்க்காதீர்கள், சட்டைக்கு உள்ளே வயிற்றையோ முதுகையோ தொட்டுப் பாருங்கள். அங்கேயும் குளிர்ந்திருந்தால் அது அவசரம். வயதானவர்களுக்குக் குளிரை உணர்வதே மந்தப்படும், நடுக்கமும் பலமாக வராது. தைராய்டு குறைவு, நீரிழிவு, தூக்கமாத்திரை, மனநல மருந்துகள் சில, இவையெல்லாம் சேர்ந்தால் வீட்டுக்குள்ளேயே, கதவு சாத்திய அறையிலேயே, நாள்கணக்கில் மெல்ல மெல்லக் குளிர்ந்துபோவார்கள். இரவில் தரையில் விழுந்து விடியும்வரை எழ முடியாமல் கிடந்தவர்களை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

ஒரு மூதாட்டியை என்னால் மறக்க முடியாது. நான் பயிற்சி மருத்துவராக இருந்த காலம். 'வயதாகிவிட்டது, இரண்டு நாளாகச் சோர்வு, குழப்பமாகப் பேசுகிறார்' என்று அழைத்து வந்தார்கள். தெர்மாமீட்டர் வைத்தேன், 35 என்று குறித்தேன். மூத்த மருத்துவர் வந்து அந்தக் கருவியை வாங்கிப் பார்த்தார். அதில் இருந்த கோடுகளே 35-லிருந்துதான் தொடங்கின. பாதரசம் ஏறவே இல்லை, நான் அடிக்கோட்டைப் படித்திருக்கிறேன். குறைந்த வெப்பத்தையும் அளக்கும் கருவியால் பார்த்தபோது 31. முதுமை என்று நான் எழுதியிருந்த குழப்பம், குளிர். அவர் பிழைத்து வீடு திரும்பினார். காய்ச்சலுக்கென்று செய்த கருவி குளிரைச் சொல்லாது என்பதை அன்று கற்றுக்கொண்டேன். உங்கள் வீட்டுத் தெர்மாமீட்டரும் அப்படிப்பட்டதாக இருக்கலாம். அம்மா வழக்கத்துக்கு மாறாகத் தூங்கி வழிந்தால், பேச்சு இழுத்தால், நடை தள்ளாடினால், தெர்மாமீட்டர் என்ன காட்டினாலும் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஆம்புலன்ஸை அழையுங்கள். குளிர்காலத்தில் வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரி இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. அவர் படுக்கும் அறையில் சுவரில் ஒரு வெப்பமானி மாட்டுங்கள். அவருக்குக் குளிர்கிறதா என்று கேட்பதைவிட அதைப் பார்ப்பது நம்பகமானது. கைகுழந்தை இருக்கும் வீட்டுக்கும் இதையே சொல்வேன். பச்சிளம் குழந்தைக்கு நடுங்கவே தெரியாது. பால் குடிக்காமல், அழாமல், துவண்டு கிடக்கும் குழந்தையின் கன்னம் சிவந்து ஆரோக்கியமாகக்கூடத் தெரியலாம்.

தம்பி மறுபடி மலைக்குப் போகலாமா? போகலாம், இந்தக் குளிர்காலம் கழியட்டும். விரல்களில் உணர்வு முழுக்கத் திரும்பிய பிறகு போகட்டும். அதற்கு முன் தைராய்டும் ரத்தச் சர்க்கரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஐந்து பேர் ஒரே மழையில் நனைந்து ஒருவர் மட்டும் இவ்வளவு குளிர்ந்ததற்கு ஒல்லி உடம்பும் பசியுமே காரணமாக இருக்கலாம், என்றாலும் வேறு காரணம் இல்லை என்று தெரிந்துகொள்வது நல்லது. பையில் நனையாத உறைக்குள் ஒரு மாற்று உடை, பெரிய பிளாஸ்டிக் தாள் ஒன்று, இனிப்பு இருக்கட்டும். புறப்படும் முன் ஐவரும் ஒன்றை ஒப்புக்கொள்ளுங்கள்: 'நில்' என்று யார் யாரைப் பார்த்துச் சொன்னாலும், சொல்லப்பட்டவர் வாதாடாமல் நிற்க வேண்டும். குளிர்ந்துவிட்டவர் கண்டிப்பாக வாதாடுவார். அதனால்தான் இதை உடம்பு சூடாக இருக்கும்போதே பேசிவைக்கச் சொல்கிறேன்.

பரிசோதனை முடிவுகள் வந்ததும் எழுதுங்கள். எந்தெந்த விரல்களில் மரமரப்பு இன்னும் இருக்கிறது, தண்ணீரில் நனைத்தால் நிறம் மாறுகிறதா என்பதையும் பார்த்துச் சேர்த்து எழுதுங்கள்.